ஒரே மரக்காலால் காற்றை அளப்பது: பசுங்குடில் வாயுக் கண்காணிப்பு எப்படி நடக்கிறது?

அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒருநாள் செய்தித்தாளில் ஒரு வரியைக் காட்டி, "சித்தப்பா, இந்தியா வருஷத்துக்கு இத்தனை கோடி டன் வாயு வெளியிடுதுன்னு போட்டிருக்காங்களே, இதை யாரு அளந்தது? எல்லா ஃபேக்டரி புகைபோக்கியிலயும் மீட்டர் வெச்சிருக்காங்களா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. நம்மில் பலர் இதைக் கேட்காமலேயே ஏதோ ஒரு பதிலை மனதில் வைத்திருக்கிறோம். ஐ.நா. சபை நாட்டுக்கு நாடு கருவி வைத்து அளக்கிறது என்று ஒருவர் நினைக்கிறார். செயற்கைக்கோள் எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்துவிடும் என்பார் இன்னொருவர். நாடுகள் இஷ்டத்துக்கு ஒரு எண்ணை எழுதிக் கொடுக்கின்றன, எல்லாம் பொய் என்பார் மூன்றாமவர். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் குழப்பம் தீர மாட்டேன் என்கிறது. அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

## செலவு நோட்டும் பாஸ்புக்கும்

வீட்டில் மாதச் செலவை இரண்டு விதமாகத் தெரிந்துகொள்ளலாம். பால், மளிகை, கரண்ட் பில், பள்ளிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிக் கூட்டுவது ஒரு வழி. மாதக் கடைசியில் வங்கிப் பாஸ்புக்கைப் பார்ப்பது இன்னொரு வழி. பணம் எதற்குப் போனது என்று நோட்டு சொல்லும். ஆனால் எழுத மறந்தது அதில் இருக்காது. பாஸ்புக்கில் மறதிக்கு இடமில்லை, ஆனால் எடுத்த பணம் மளிகைக்குப் போனதா மருந்துக்குப் போனதா என்று அது சொல்லாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வீட்டுக் கணக்கு பிடிபடும்.

பசுங்குடில் வாயுக்களின் கணக்கும் இதே மாதிரிதான். சூரிய ஒளியை உள்ளே விட்டுவிட்டு, பூமியிலிருந்து திரும்பும் வெப்பத்தை வெளியேற விடாமல் பிடித்து வைக்கும் வாயுக்களுக்குப் பசுங்குடில் வாயுக்கள் என்று பெயர். கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு மூன்றும் அவற்றில் முக்கியமானவை. இவற்றை ஒரு நாடு எவ்வளவு வெளியிட்டது என்று துறைவாரியாக எழுதிக் கூட்டுவது உமிழ்வுக் கணக்கு. அது நோட்டு. காற்றில் இப்போது எவ்வளவு கலந்திருக்கிறது என்று நேரடியாக அளப்பது செறிவு. அது பாஸ்புக். செய்தியில் "டன்" என்று வந்தால் நோட்டு, "பிபிஎம்" என்று வந்தால் பாஸ்புக். இதை நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

## நோட்டில் எப்படி எழுதுகிறார்கள்?

புகைபோக்கிகளில் மீட்டர் வைத்துக் கூட்டியதல்ல அந்த டன் கணக்கு. பெரும்பகுதி பெருக்கல்தான். ஒரு நாட்டில் எத்தனை டன் நிலக்கரி எரிந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதற்குச் செயல்பாட்டுத் தரவு என்று பெயர். ஒரு டன் எரிந்தால் எவ்வளவு வாயு வரும் என்பது உமிழ்வுக் காரணி. இரண்டையும் பெருக்கினால் விடை. எல்லா நாடும் ஒரே முறையில் பெருக்க வேண்டும் என்பதற்காக, ஐபிசிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2006-இல் விரிவான வழிகாட்டி நூல்களை வெளியிட்டது, 2019-இல் அவற்றைச் செம்மைப்படுத்தியது.

நிலக்கரி, பெட்ரோல் கணக்கு ஓரளவு சரியாகவே இருக்கும். விற்ற இடத்தில் பில் இருக்கிறது, வரி இருக்கிறது. சிக்கல் வருவது வயலில். நீர் தேங்கிய நெல் வயலின் சேற்றுக்குள் ஆக்சிஜன் போவதில்லை. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்குகின்றன. எந்த வயலிலும் மீட்டர் கிடையாது. தெற்காசியாவில், தொடர்ந்து நீர் நிற்கும் வயலில், ஒரு ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு 0.85 கிலோ மீத்தேன் என்று 2019 வழிகாட்டி ஒரு சராசரி கொடுக்கிறது. பரப்பையும் நாளையும் அதோடு பெருக்குவார்கள். நம் விவசாயி காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் மீத்தேன் நன்றாகவே குறையும். ஆனால் எத்தனை ஏக்கரில் அப்படிச் செய்தார்கள் என்று யாராவது எடுத்து எழுதினால்தான் அந்தக் குறைவு நோட்டில் ஏறும். எழுதாவிட்டால் வயலில் குறைந்தது கணக்கில் குறையாது.

1992-இல் உருவான ஐ.நா. பருவநிலை உடன்படிக்கையின் கீழும், 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழும் நாடுகள் இந்த நோட்டைக் கொடுக்க வேண்டும். வேறு நாட்டு வல்லுநர்கள் அதைப் பரிசீலிப்பார்கள். 2020-ஆம் ஆண்டுக்கு இந்தியா கொடுத்த கணக்கு சுமார் 296 கோடி டன். மற்ற வாயுக்களையும் கரியமில வாயுவுக்குச் சமமாக மாற்றிக் கூட்டியது அது. காடுகளும் நிலமும் உறிஞ்சியதை அதில் கழிக்கவில்லை. அந்த அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டதோ 2024 டிசம்பரில். நான்கு வருடம் பழைய செய்தி. பொய் என்று சொல்ல முடியாது. தாமதமான, பெருக்கிப் போட்ட கணக்கு என்று சொல்லலாம்.

இதுவரை பார்த்தது நோட்டு. டன் எண் கணக்கிட்டு வருவது, நாடுகளே எழுதுவது, பொது விதிப்படி எழுதுவது. இனிப் பாஸ்புக்குக்கு வருவோம்.

## ஒரு குடுவைக் காற்று

பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பத்து லட்சம் நெல்மணி என்றால் ஏறக்குறைய 20, 25 கிலோ எடையுள்ள ஒரு சிறு மூட்டை. அந்த மூட்டைதான் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கரியமில வாயு 2024-இல் சராசரியாக 424 மணி. கையில் அள்ளினால் ஒரு பிடிகூட வராது. 1958 மார்ச்சில் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் டேவிட் கீலிங் ஹவாய் தீவின் மௌனா லோவா மலைமேல் தொடர் அளவீட்டைத் தொடங்கியபோது அது 313 மணியாக இருந்தது.

ஏன் பசிபிக் கடலின் நடுவே, 3,400 மீட்டர் உயரத்தில் போய் அளக்க வேண்டும்? அண்ணா சாலையில் கருவியை வைத்தால் ஒவ்வொரு பஸ் போகும்போதும் எண் எகிறும். நமக்கு வேண்டியது உலகக் காற்று நன்றாகக் கலந்த பிறகு உள்ள அளவு. குழம்பைக் கிளறிவிட்டு உப்புப் பார்ப்பது மாதிரி.

காற்றைப் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். உள்ளே இருந்ததையெல்லாம் உறிஞ்சி வெறுமையாக்கிய கண்ணாடிக் குடுவையோடு ஒருவர் திறந்தவெளிக்குப் போவார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்பார். அது முதலில் குடுவையைத் தொட வேண்டும், அப்புறம்தான் ஆளைத் தொட வேண்டும். மூச்சை நன்றாக இழுத்து அடக்கிக்கொண்டு, கையை நீட்டிக் குடுவையின் வாயைத் திறப்பார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாயும். மூடிய பிறகுதான் மூச்சு விடலாம். நாம் வெளியே விடும் மூச்சில் கரியமில வாயு சுமார் 40,000 பிபிஎம். அதில் கொஞ்சம் கலந்தாலும் அந்தக் குடுவை வீண். இந்த முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. வேறு பல இடங்களில் சிறு பம்ப் வைத்து நிரப்புகிறார்கள். சில நிலையங்களில் கருவியே இரவும் பகலும் அளந்துகொண்டிருக்கிறது.

நம் பக்கத்திலும் இது நடந்திருக்கிறது. இந்திய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் சேர்ந்து லடாக்கின் ஹான்லே, புதுச்சேரி, அந்தமானின் போர்ட் பிளேர் ஆகிய மூன்று இடங்களில் குடுவைகளில் காற்றைப் பிடித்தார்கள். புதுச்சேரிக் கடற்கரைக் காற்று பிரான்சில் உள்ள ஆய்வகத்துக்குப் போய் அளக்கப்பட்டது.

## மரக்கால் பிரச்சினை

சர்வதேச ஒருங்கிணைப்பு என்றதும் மாநாடு, கைகுலுக்கல், கூட்டறிக்கை என்றுதான் தோன்றும். உண்மையான ஒருங்கிணைப்பு ஆய்வகத்துக்குள், அலுமினிய உருளைகளில் நடக்கிறது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளவு வரும் இடங்களில், ஆடவல்லான் என்னும் மரக்காலால் (நெல் அளக்கும் பாத்திரம்) அளந்தது என்றும், அந்த மரக்கால் இராஜகேசரி என்ற அளவோடு ஒக்கும் என்றும் வெட்டியிருக்கும். வெறுமனே "நூறு கலம் நெல்" என்று எழுதினால் போதாது என்று அன்றைக்கே தெரிந்திருந்தது. எந்த மரக்கால் என்று சொல்ல வேண்டும், அது எதோடு ஒக்கும் என்றும் சொல்ல வேண்டும். இன்றைக்குக் கடைத் தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும் அதற்காகத்தான்.

காற்றுக்கும் அப்படி ஒரு மூல மரக்கால் வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பவுல்டர் நகரில் நோவா என்ற அரசு அமைப்பின் ஆய்வகம் இருக்கிறது. உலக வானிலை அமைப்பு அதை மைய அளவுத்திருத்த ஆய்வகமாக ஏற்றிருக்கிறது. அளவுத்திருத்தம் என்றால், ஒரு கருவி காட்டும் எண்ணை நம்பகமான மூல அளவோடு ஒத்துப்பார்த்துச் சரிசெய்வது. பக்கத்து மலையின் சுத்தமான காற்றை ஈரம் நீக்கி உருளைகளில் அடைக்கிறார்கள். அதில் குறிப்பிட்ட அளவு காற்றை எடுத்து, அதிலுள்ள கரியமில வாயுவை மட்டும் உறையவைத்துப் பிரித்து, அதன் அழுத்தத்தை அளந்து, இந்த உருளையில் சரியாக இவ்வளவு என்று தீர்மானிக்கிறார்கள். இதோடு ஒப்பிட்டு நிரப்பிய உருளைகள் உலகின் பல ஆய்வகங்களுக்குக் கப்பலேறுகின்றன. ஒவ்வொரு கருவியும் அவ்வப்போது அந்த உருளைக் காற்றைக் குடித்துத் தன் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளும்.

அதோடு விட்டுவிடுவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரே உருளையை ஆய்வகம் ஆய்வகமாகச் சுற்றுக்கு விடுகிறார்கள். உள்ளே எவ்வளவு என்று யாருக்கும் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் அளந்து விடையை எழுதி அனுப்ப வேண்டும். வினாத்தாள் ஒன்றுதான், எழுதுபவர்கள் பல நாட்டார். கரியமில வாயுவுக்கு வட அரைக்கோளத்தில் ஆய்வகங்களுக்கிடையே 0.1 பிபிஎம்முக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது என்பது இலக்கு. அந்த மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை நெல்லில், ஒரே ஒரு நெல்மணியில் பத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு கறார் எதற்கு? 2011 முதல் 2020 வரை உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 பிபிஎம்தான் கூடியது. அடுத்தடுத்த இரண்டு நாடுகளுக்கிடையே தெரியும் வித்தியாசம் அதைவிடச் சிறியது. ஒரு நாட்டின் கருவி அரை பிபிஎம் கூடுதலாகக் காட்டினால், அங்கே இல்லாத ஒரு தொழிற்சாலை இருப்பதாகக் கணக்கு சொல்லிவிடும். மூல அளவிலேயே சிறு பிழை இருந்தது பின்னால் தெரியவந்தபோது அதையும் திருத்தினார்கள். 2019 என்ற எண்ணோடு வந்த புதிய அளவுகோலில், 400 பிபிஎம் அருகே பழைய எண்கள் சுமார் 0.18 கூடின. அதற்கேற்பப் பல பத்தாண்டுத் தரவைத் திரும்பக் கணக்கிட வேண்டியிருந்தது.

சுருக்கமாக: செறிவைப் பல நாட்டார் அளக்கிறார்கள், எல்லாரும் ஒரே மூல உருளைகளோடு ஒத்துப்பார்க்கிறார்கள், அதனால்தான் ஜப்பான் எண்ணையும் பிரான்ஸ் எண்ணையும் ஒரே பட்டியலில் சேர்க்க முடிகிறது.

## கருவாட்டு வாசனையை வைத்து வீட்டைக் கண்டுபிடிப்பது

பாஸ்புக்கை மட்டும் வைத்துச் செலவு யாருடையது என்று சொல்ல முடியாது என்றேன். காற்று விஷயத்தில் ஓரளவு சொல்லலாம். தெருவில் யாரோ கருவாடு வறுக்கிறார்கள். தெற்குக் காற்று அடிக்கும்போது மட்டும் உங்கள் வீட்டுக்கு வாசனை வருகிறது. மூன்றாம் வீட்டுக்காரருக்கோ கிழக்குக் காற்று அடிக்கும்போதுதான் வருகிறது. இரண்டு பேரும் பேசிக்கொண்டால் எந்த வீட்டு அடுப்பு என்று தெரிந்துவிடும். வாயு அளவையும் காற்று வந்த பாதையையும் சேர்த்து, மூலத்தைப் பின்னோக்கித் தேடும் இந்தக் கணக்குக்குத் தலைகீழ் மாதிரியாக்கம் என்று பெயர்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. சிஎஃப்சி-11 என்று ஒரு வாயு. ஓசோன் படலத்தைத் தின்னும், கரியமில வாயுவைவிடப் பல ஆயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். 1987-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, 2010-க்குள் உலகம் முழுவதும் அதன் உற்பத்தி நின்றிருக்க வேண்டும். எல்லா நாட்டு நோட்டிலும் பூஜ்யம்தான். காற்றில் அதன் அளவும் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் 2012-க்குப் பிறகு குறையும் வேகம் பாதியாகிவிட்டதை 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. யாரோ எங்கோ புதிதாகத் தயாரிக்கிறார்கள்.

தென்கொரியாவின் ஜெஜு தீவில் கோசான் என்ற இடத்திலும், ஜப்பானின் ஹட்டெருமா தீவிலும் கருவிகள் இருந்தன. சீனப் பக்கத்துக் காற்று வரும் நாட்களில் கோசான் எண்கள் குத்துக்குத்தாக எழும்பின. பல நாட்டு ஆய்வாளர்கள் இரண்டு தீவின் எண்களையும் சேர்த்து 2019-இல் வெளியிட்ட முடிவு: கிழக்குச் சீனாவிலிருந்து, முக்கியமாக ஷாண்டோங், ஹெபெய் மாகாணங்களின் பக்கமிருந்து, ஆண்டுக்கு ஏறக்குறைய 7,000 டன் கூடுதலாக வருகிறது. ஃபோம் தயாரிப்பில் அது பயன்பட்டிருக்கிறது. சீன அரசு நடவடிக்கை எடுத்தது. 2021-இல் வந்த ஆய்வுகள், அளவு மறுபடி இறங்கிவிட்டதைக் காட்டின. நோட்டில் ஒரு வரிகூட இல்லாத ஒன்றைக் காற்று காட்டிக்கொடுத்தது.

எப்போதும் மறைத்ததுதான் வெளியே வரும் என்றும் இல்லை. பிரிட்டனில் கார் ஏசியில் பயன்படும் எச்எஃப்சி-134ஏ என்ற வாயு, கணக்கில் எழுதியிருந்ததைவிடக் காற்றில் குறைவாக இருந்தது. நோட்டில்தான் கூட எழுதியிருந்தார்கள். பிரிட்டன், சுவிட்சர்லாந்து போன்ற சில நாடுகள் தங்கள் அறிக்கையோடு இப்படிக் காற்றோடு ஒப்பிட்ட கணக்கையும் சேர்த்துக் கொடுக்கின்றன. எல்லா நாடும் செய்ய வேண்டிய வேலை இது என்பது என் கருத்து.

## செயற்கைக்கோள் பார்க்கிறதே, போதாதா?

ஜப்பான் 2009 ஜனவரியில் கோசாட் என்ற செயற்கைக்கோளை ஏவியது. அமெரிக்காவின் ஓசிஓ-2 2014-இல் போனது. ஐரோப்பாவின் சென்டினல்-5பி 2017 முதல் மீத்தேனைப் பார்க்கிறது. ஆனால் இவை வாயுவைத் தொட்டு அளப்பதில்லை. தரையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில் எந்தெந்த நிறம் குறைந்திருக்கிறது என்று பார்த்து, வழியில் எவ்வளவு வாயு இருந்திருக்கும் என்று ஊகிக்கின்றன. மேகம் மூடினால் தெரியாது. மழைக்காலத்தில் நம் நாட்டின் மேல் பல வாரங்கள் தெளிவான காட்சி கிடைப்பது கஷ்டம்.

செயற்கைக்கோளுக்கும் மரக்கால் வேண்டும். அமெரிக்காவின் முதல் ஓசிஓ 2009 பிப்ரவரியில் ஏவும்போதே விழுந்து போனது. அந்தக் குழுவை ஜப்பானியர்கள் தங்கள் கோசாட் தரவில் சேர்ந்து வேலை செய்ய அழைத்தார்கள். அப்போதிருந்து இரு நாட்டாரும் கோடைக்காலத்தில் நெவாடா பாலைவனத்தில் ரெயில்ரோடு பள்ளத்தாக்கிலுள்ள வறண்ட ஏரிப் படுகைக்குப் போவார்கள். செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் நேரத்தில், கையில் கருவியோடு வெயிலில் நடந்து நடந்து தரையின் ஒளியை அளப்பார்கள். மேலே தெரிந்ததும் கீழே அளந்ததும் ஒக்கிறதா என்று பார்ப்பதற்கு அத்தனை பாடு.

## 2024 காட்டியது

நோட்டும் பாஸ்புக்கும் சேர்ந்து இருக்க வேண்டியது ஏன் என்று 2024 நன்றாகக் காட்டியது. நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய பாதியைக் கடலும் காடும் எடுத்துக்கொள்கின்றன, மீதி காற்றில் தங்குகிறது. 2024-இல் எரிபொருள் உமிழ்வு முந்தைய ஆண்டைவிட ஒரு சதவீத அளவுக்குத்தான் கூடியது. நோட்டை மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் காற்றில் உலகச் சராசரி ஒரே ஆண்டில் 3.5 பிபிஎம் ஏறியது. நவீன அளவீட்டு வரலாற்றில் இவ்வளவு பெரிய ஏற்றம் இல்லை. காட்டுத்தீயும், வெப்பத்திலும் வறட்சியிலும் நிலமும் கடலும் வழக்கம்போல உறிஞ்சாமல் போனதும் காரணம் என்று உலக வானிலை அமைப்பு கருதுகிறது. நம் செலவு பெரிதாகக் கூடாமலே பாஸ்புக் இருப்பு இப்படி மாறினால், வீட்டில் வேறெங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்குக் கவலை தரும் எண் இதுதான்.

## இதையெல்லாம் யார் கட்டி மேய்க்கிறார்கள்?

உலக வானிலை அமைப்பு 1989 முதல் நடத்தும் திட்டத்துக்கு உலக வளிமண்டலக் கண்காணிப்பு என்று பெயர். அளக்கும் விதிகளை அது வகுக்கிறது. தரவு சேரும் மையத்தை ஜப்பான் வானிலை முகமை டோக்கியோவில் நடத்துகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் நிலையத்தை நடத்துவதும் சம்பளம் கொடுப்பதும் அந்தந்த நாடு, பல இடங்களில் ஒரு பல்கலைக்கழகம். கட்டாயம் கிடையாது. அதனால் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நிலையங்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஆப்பிரிக்காவிலும் அமேசானிலும் தெற்காசியாவிலும் பெரிய வெற்றிடங்கள். பூமத்திய ரேகைக் காடுகளும் சதுப்புகளும் என்ன செய்கின்றன என்று தெரிய வேண்டிய இடத்தில்தான் கருவி இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க, தரை, கடல், வான் அளவீடுகளையும் கணினி மாதிரிகளையும் ஒரே ஏற்பாட்டின் கீழ் கொண்டுவரும் புதிய திட்டத்துக்கு உலக வானிலை அமைப்பின் மாநாடு 2023-இல் ஒப்புதல் கொடுத்தது.

அண்ணன் மகள் கடைசியாகக் கேட்டது, "நடுவுல நின்னு போனா?" என்று. நின்றிருக்கிறது. 1964-இல் நிதி வெட்டு வந்து மௌனா லோவாவில் சில மாதங்கள் அளக்கவில்லை. அந்தப் புகழ்பெற்ற வரைபடத்தில் இன்றும் அந்த இடத்தில் அசல் அளவீடு இல்லை. 2022 நவம்பர் கடைசியில் மௌனா லோவா எரிமலையே வெடித்தது. எரிமலைக் குழம்பு ஆய்வகத்துக்குப் போகும் சாலையையும் மின்கம்பிகளையும் அறுத்துக்கொண்டு போனது. இந்த முறை ஆய்வாளர்கள் சுமார் 34 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மௌனா கியா மலைக்குக் கருவியைக் கொண்டுபோய், 2023 ஜூலை வரை அங்கிருந்து அளந்தார்கள். 2025-இல் அமெரிக்க அரசு முன்வைத்த நிதித் திட்டத்தில் நோவாவின் பருவநிலை ஆய்வகங்களுக்கான பணத்தை நிறுத்தும் யோசனை இருந்தது. அதில் மௌனா லோவாவும் இருந்தது, எல்லா நாட்டு உருளைகளும் ஒத்துப்பார்க்கப்படும் அந்தப் பவுல்டர் ஆய்வகமும் இருந்தது.